அவுட் ஆன குழந்தை என்ன செய்யும்?

என் மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு 12 குழந்தைகள் வந்திருந்தார்கள். மேஜிக் காட்ட ஆள், பொம்மை வேஷம் போட ஆள் எதுவும் வேண்டாம், நாம் சின்ன வயதில் ஆடிய ஆட்டங்களே போதும் என்று வீறாப்பாகச் சொல்லியிருந்தேன். முதல் ஆட்டம் மியூசிக்கல் சேர். 11 நாற்காலி, ஒரு பாட்டு. இதில் என்ன தப்பு நடந்துவிடப் போகிறது?

முதல் சுற்றிலேயே அவுட் ஆனவன்தான் கூட்டத்திலேயே சின்னவன். மூன்றரை வயது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவன். பாட்டு நின்றதும் எல்லோரும் ஏன் திடுதிப்பென்று உட்கார்ந்தார்கள் என்பதே அவனுக்குப் புரியவில்லை. 'நீ அவுட் கண்ணா, அங்க போய் உட்காரு' என்றேன். போய் உட்கார்ந்தான். அழவில்லை. அழுதிருந்தால் தூக்கியாவது வைத்துக்கொண்டிருப்பேன். அடுத்தடுத்த சுற்றுகளில் சுவரோரம் கூட்டம் சேர்ந்தது. ஏழு பேர் ஆனபோது அதில் இரண்டு பேர் திரைச்சீலையைச் சுற்றிக்கொண்டு மல்லுக்கட்டினார்கள். ஒருத்தி பரிசுப் பொட்டலங்களைப் பிரிக்கத் தொடங்கிவிட்டாள். கடைசியில் இரண்டு பேர் ஒற்றை நாற்காலியைச் சுற்றி வந்த அந்தப் பரபரப்பான கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது நான் மட்டும்தான்.

எல்லாம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது பெரியம்மா கேட்டார்: 'ஏண்டி, அந்தப் பொடியனை ஒப்புக்குச் சப்பாணியா சேத்துக்கிட்டிருந்தா உனக்கு என்ன கொறஞ்சிருக்கும்?'

அன்று இரவு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12 பேர், சுற்றுக்கு ஒருவர் அவுட் என்றால் மொத்தம் 11 சுற்று. எல்லோருமே கடைசிவரை ஆடினால் 12 பெருக்கல் 11, ஆக 132 'ஆட்டம்' நடந்திருக்க வேண்டும். உண்மையில் நடப்பது 12, 11, 10 என்று குறைந்துகொண்டே போய் கூட்டினால் 77 மட்டும். மீதி 55 சுவரோரத்தில் கழிகிறது. அதாவது ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் வெறும் காத்திருப்பு. அதிலும் அதிகம் காத்திருப்பது யார்? முதலில் அவுட் ஆகிறவர்கள். முதலில் அவுட் ஆகிறவர்கள் யார்? வயதில் சின்னவர்கள், கூச்ச சுபாவக்காரர்கள், இடித்துத் தள்ளத் தெரியாதவர்கள். ஆட்டம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களைத்தான் அது முதலில் வெளியேற்றுகிறது.

அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு விசேஷங்களுக்காவது ஆட்டம் நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. எந்த ஆட்டத்தை எடுத்தாலும் இப்போது நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இதில் அவுட் ஆன குழந்தை என்ன செய்யும்?

ஒப்புக்குச் சப்பாணி என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். சப்பாணி என்பது இன்று காதில் உறுத்துகிற சொல். என் மகள் அதைச் சொன்னால் திருத்துவேன். ஆனால் அந்த ஏற்பாடு இருக்கிறதே, அது குழந்தைகள் தாங்களே கண்டுபிடித்த அருமையான சட்டம். சின்னக் குழந்தை ஆட்டத்தில் உண்டு, ஓடலாம், கத்தலாம், ஆனால் அவுட் கிடையாது. அதைப் பிடித்தாலும் பிடித்த கணக்கில் வராது. யாரும் இதை எழுதி வைக்கவில்லை, ஆனாலும் ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

இது நம் மொழியில் மட்டும்தான் உண்டென்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை. பிரேசிலில் இப்படிப்பட்ட குழந்தையை 'கஃபே கோம் லெய்ச்சி' என்கிறார்கள், அதாவது பால் காபி. பிலிப்பைன்ஸில் 'சாலிங் பூசா', கூட வந்து சேர்ந்துகொண்ட பூனை. கொரியாவில் 'கக்துகி', சதுரமாக வெட்டிய முள்ளங்கி ஊறுகாய் மாதிரியான ஒன்றின் பெயர் அது. எந்த அணியிலும் ஒழுங்காகச் சேராமல் தட்டின் ஓரத்தில் இருந்தாலும் ஆட்டத்தில் இருக்கிற பிள்ளை. ஜப்பானில் 'மிசொக்காசு', சோயா விழுதை வடிகட்டிய பின் மிஞ்சும் சக்கை. பெயர்களில் கொஞ்சம் கேலி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்தேயிராத குழந்தைகள் இத்தனை மூலைகளில் ஒரே சட்டத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். பெரியவளான நான்தான் 'ரூல்னா ரூல்' என்று நின்றேன்.

சின்னக் குழந்தைகளுக்கு ஜெயிப்பது தோற்பது என்பதே வேறு மாதிரி. கோலி ஆடும் குழந்தைகளோடு உட்கார்ந்து, சட்டத்தைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி கேட்டு 1932இல் ஒரு புத்தகம் வெளியிட்டார் ஸ்விஸ் உளவியலாளர் ஜான் பியாஜே. நான்கைந்து வயதுக்காரர்கள் ஒரே இடத்தில் ஆடினாலும் ஆளுக்கொரு ஆட்டம் ஆடுகிறார்கள், கடைசியில் எல்லோருமே ஜெயித்துவிட்டதாகச் சொல்கிறார்கள் என்பது அவர் கவனித்தவற்றில் ஒன்று. ஐந்து வயதுப் பிறந்தநாளில் அவுட் ஆக்கும் ஆட்டத்தை வைத்தது என் அசட்டுத்தனம்தான், அந்தப் பையன் மேல் தப்பே இல்லை.

சரி, மியூசிக்கல் சேரையே தூக்கி எறிந்துவிடலாமா? ஜெர்மன்காரர்கள் 'ஜெருசலேம் பயணம்' என்று ஒரு கம்பீரமான பெயரை வைத்து இதை ஆடுகிறார்கள். நெதர்லாந்தில் 'நாற்காலி நடனம்'. இவ்வளவு பரவிய ஆட்டத்தில் ஏதோ இருக்கத்தான் வேண்டும். கனடாவைச் சேர்ந்த டெர்ரி ஆர்லிக், கூடி ஆடும் விளையாட்டுகளைத் தொகுத்து 1978இல் ஒரு புத்தகம் போட்டார். அவருடைய முறையில் நாற்காலிதான் குறையும், ஆள் குறையாது. மிச்சமிருக்கும் நாற்காலியில் அத்தனை பேரும் ஒருவர் மடியில் ஒருவராகத் தொற்றிக்கொள்ள வேண்டும். ஏழெட்டு வயதுக் கூட்டத்தில் இதைச் செய்து பார்த்தேன். கடைசி நாற்காலியில் ஒரு மனித மூட்டை, ஒரே சிரிப்பு. எல்லோரும் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டதும் ஒரு பெண் கேட்டாள்: 'ஆன்ட்டி, இதுல யாரு ஜெயிச்சது?' என்னிடம் பதில் இல்லை. ஆறு வயதுக்குக் கீழே இந்த முறை தங்கம். அதற்கு மேல் அவர்களுக்குப் போட்டி வேண்டும்; நல்லெண்ணத்தால் அதைப் பிடுங்கினால் சப்பென்றுதான் இருக்கும்.

அதனால் பெரிய பிள்ளைகளுக்கு நான் ஒரு சுருக்குவழி வைத்திருக்கிறேன். 12 பேருக்கு 9 நாற்காலி, அப்புறம் 6, அப்புறம் 3, கடைசியில் மூன்று பேருக்கு ஒன்று. நான்கு சுற்றில் ஆட்டம் முடிந்துவிடும். அவுட் ஆனவருக்குச் சலிப்புத் தட்டும் முன்பே அடுத்த ஆட்டம் தொடங்கிவிடும்.

ஆனால் அவுட் என்பதே இல்லாமல், போட்டியும் குறையாமல் ஓடுகிற ஆட்டம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு பிடிப்பது. இதன் வயதைக் கேட்டால் மலைத்துப்போவோம். இரண்டாம் நூற்றாண்டில் பொல்லக்ஸ் என்ற கிரேக்க அறிஞர் எழுதி வைத்திருக்கிறார்: ஒரு சிறுவனின் கண்ணைத் துணியால் கட்டுவார்கள், 'வெண்கல ஈயை வேட்டையாடப் போகிறேன்' என்று அவன் கத்துவான், 'வேட்டையாடுவாய், பிடிக்க மாட்டாய்' என்று மற்றவர்கள் பதில் கத்திக்கொண்டே அவனை அடிப்பார்கள். பப்பைரஸ் நாரால் அடிப்பார்களாம். அந்தப் பகுதியை நாம் விட்டுவிடலாம். இத்தாலியில் இன்றும் இதன் பெயர் 'குருட்டு ஈ'. ஜெர்மனியில் 'குருட்டு மாடு', ஸ்பெயினில் 'குருட்டுக் கோழி', போர்ச்சுகலில் 'குருட்டு ஆடு'. கண்ணைக் கட்டியதும் மனிதப் பிள்ளை ஏதாவது ஒரு பிராணியாக மாறியே தீர வேண்டும் போலிருக்கிறது.

இந்த ஆட்டம் அலுக்காமல் இத்தனை காலம் ஓடுவதற்கு என் கணிப்பில் ஒரே காரணம், பிடிபட்டவர் வெளியே போவதில்லை என்பதுதான். அவர்தான் அடுத்த ஆள். அதாவது, தோற்றால் நடுவே போய் நிற்கலாம். ஓரத்துக்குப் போனவர் திரும்பி வரவே முடியாத ஆட்டத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். பிடித்தால் மட்டும் போதாது, முகத்தையும் தலைமுடியையும் தடவிப் பார்த்து யார் என்று பெயர் சொல்ல வேண்டும் என்று ஒரு விதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓட்டமும் கூச்சலும் அந்த நொடியில் அடங்கி, பிடிபட்டவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்து நிற்பதைப் பார்ப்பதற்காகவே நான் இதை வைப்பேன். சில குழந்தைகளுக்குக் கண்ணைக் கட்டினால் பயம். வற்புறுத்தக் கூடாது, தாங்களே கண்ணை மூடிக்கொள்ளட்டும், ஓரக்கண்ணால் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். மேஜை முனைகளையும் படிக்கட்டையும் முதலிலேயே கவனித்துவிடுங்கள்.

கழுதைப் படத்துக்கு வால் ஒட்டும் ஆட்டமும் கண்கட்டுதான். குண்டூசி வேண்டாம், ஒட்டுநாடா போதும். கண்ணைக் கட்டி மூன்று சுற்றுச் சுற்றிவிட்டால் ஏன் எதிர்ச்சுவருக்குப் போகிறார்கள் என்று ஒரு பையன் கேட்டான். காதுக்குள் அரைவட்டமாக மூன்று சின்னக் குழாய்கள், அதற்குள் திரவம். நாம் சுற்றுவதை நிறுத்திய பிறகும் அந்தத் திரவம் கொஞ்ச நேரம் நகர்ந்துகொண்டே இருக்கும், மூளை இன்னும் சுற்றுகிறோம் என்றே நம்பும். 'அப்போ என் காதுக்குத்தான் நான் நின்னது தெரியல' என்றான். இதைவிடச் சரியாக என்னால் சொல்லியிருக்க முடியாது. இந்த ஆட்டத்தின் ஒரே குறை, ஒருவர் ஆட 11 பேர் பார்க்க வேண்டும். ஆனால் வால் கழுதையின் மூக்கில் போய் ஒட்டும்போது பார்க்கிறவர்களுக்குத்தான் கொண்டாட்டம். இதில் தோற்பதுதான் வேடிக்கையே. மிகச் சரியாக ஒட்டியவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

பார்சல் கைமாற்றும் ஆட்டத்தில்தான் எனக்குப் பெரிய பாடம் கிடைத்தது. பரிசைக் காகிதத்தில் சுற்றி, அதன் மேல் இன்னொரு காகிதம், இன்னொன்று என்று உறை உறையாகச் சுற்றி வட்டத்தில் விடுவோம். பாட்டு நிற்கும்போது கையில் இருப்பவர் ஓர் உறையைப் பிரிக்க வேண்டும். 12 குழந்தைகளுக்கு 12 உறை, உறைக்குள் ஒரு குட்டிப் பரிசு. ஆளுக்கொன்று வந்துவிடும் என்று முதலில் நினைத்தேன். பாட்டைக் குருட்டாம்போக்கில் நிறுத்தினால் அப்படி வரவே வராது. ஒரு குறிப்பிட்ட குழந்தைக்கு ஒன்றுமே கிடைக்காமல் போகும் வாய்ப்பு 35 சதவீதம். சராசரியாக நான்கு பேர் வெறும் கையோடு இருப்பார்கள், யாரோ ஒருத்தி மூன்று உறை பிரித்திருப்பாள்.

ஆகவே நானும் எல்லாப் பெற்றோரையும் போலப் போங்கு ஆட்டம் ஆடினேன். ஓரக்கண்ணால் பார்த்து, இதுவரை கிடைக்காத குழந்தையின் கைக்குப் போகும்போது நிறுத்துவது. ஐந்து வயதுக்காரர்கள் கண்டுகொள்ளவில்லை. எட்டு வயதுக்காரன் ஒருவன் மூன்றாவது உறையிலேயே கண்டுபிடித்துவிட்டான்: 'அத்தை, நீங்க பாத்துப் பாத்து நிறுத்துறீங்க.' அதோடு விடவில்லை. ஏற்கெனவே பிரித்தவர்களெல்லாம் பார்சலைத் தொட்டதும் நெருப்பைத் தொட்டது போல அடுத்தவரிடம் தள்ளினார்கள். இன்னும் பிரிக்காதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அதிர்ஷ்டம் போனதும் ஆட்டமும் போய்விட்டது. இப்போது என் வழி இது: சின்னவர்கள் என்றால் கூச்சமே இல்லாமல் போங்கு. பெரியவர்கள் என்றால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று பாட்டை நிறுத்துவேன், ஆனால் உறைக்குள் பரிசு கிடையாது. சீட்டுதான். 'பூனை மாதிரி கத்து', 'இடது பக்கம் இருப்பவரின் நாற்காலியில் போய் உட்கார்', இப்படி. மூன்று சீட்டு வந்தவளுக்கு மூன்று முறை கத்த வேண்டியிருக்கும். யாருக்கும் பொறாமை வராது.

ஸ்டாச்சு ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும். பின்னால் திரும்பி நிற்பவர் சட்டென்று திரும்பும்போது அசையாமல் நிற்க வேண்டும். பிரெஞ்சுக் குழந்தைகள் 'ஒன்று, இரண்டு, மூன்று, சூரியன்' என்றும், இத்தாலியக் குழந்தைகள் 'ஒன்று, இரண்டு, மூன்று, நட்சத்திரம்' என்றும், கொரியக் குழந்தைகள் செம்பருத்தி இனப் பூ ஒன்று பூத்துவிட்டது என்றும் சொல்லித் திரும்புகிறார்கள். அசைந்தவரை வெளியேற்றாமல் தொடக்கக் கோட்டுக்குத் திருப்பி அனுப்பினால் போதும். 'சைமன் சொல்கிறார்' என்று தொடங்கும் கட்டளைக்கு மட்டும் கீழ்ப்படிய வேண்டிய சைமன் சேஸ் ஆட்டத்திலும் அதே வைத்தியம்: ஏமாந்தவர் மறுபக்கம் போய்ச் சைமனுக்கு உதவியாளராக நின்று மற்றவர்களை ஏமாற்றட்டும். இந்த ஆட்டத்தின் நெருங்கிய உறவினர் ஒன்றை ஆய்வாளர்கள் பள்ளிக்குப் போகும் முன்னான வயதுப் பிள்ளைகளிடம் சோதனையாகவே பயன்படுத்துகிறார்கள். 'தலையைத் தொடு' என்றால் குழந்தை கால்விரலைத் தொட வேண்டும், 'கால்விரலைத் தொடு' என்றால் தலையை. கை தானாகப் போகும் இடத்துக்குப் போகாமல் அடக்குவது எவ்வளவு கைவந்திருக்கிறது என்று இதில் அளக்கிறார்கள். நீங்களும் செய்து பாருங்கள், அவ்வளவு சுலபமில்லை.

ஓடிக் களைத்த பிறகு உட்கார வைக்க இரண்டு ஆட்டம் போதும். ஒன்று, காதோடு காதாகச் செய்தி சொல்வது. துருக்கியில் 'காதிலிருந்து காதுக்கு', ஜெர்மனியில் 'மௌனத் தபால்', அமெரிக்காவில் 'டெலிபோன்'. ஆங்கிலத்தில் இதற்குச் சீனர்களை வம்புக்கு இழுக்கும் ஒரு பெயரும் உண்டு, அது நமக்கு வேண்டாம். பிரெட்ரிக் பார்ட்லெட் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் கிட்டத்தட்ட இதே ஆட்டத்தைப் பெரியவர்களிடம் ஆடிப் பார்த்தார். ஒருவர் ஒரு கதையைப் படித்து நினைவிலிருந்து எழுத வேண்டும், அதை அடுத்தவர் படித்து எழுத வேண்டும், இப்படியே போகும். கதை சுருங்கியது, புரியாத இடங்கள் உதிர்ந்தன, மிஞ்சியது அவரவருக்குப் பழக்கமான கதையாக மாறிக்கொண்டே போனது. 1932இல் இதை எழுதினார். பியாஜேயின் புத்தகம் வந்த அதே வருடம். குழந்தைகளை இரண்டு வரிசையாக உட்கார வைத்து இரண்டிலும் ஒரே வாக்கியத்தை விடுங்கள். இரண்டு முனையிலும் வெளிவருவதை ஒப்பிட்டால் ஒரு முழு மதியமும் சிரிக்கலாம். வேண்டுமென்றே மாற்றிச் சொல்லும் ஒரு பிள்ளை எந்த வரிசையிலும் இருக்கும். விடுங்கள், அதுவும் ஆட்டத்தில் சேர்த்திதான்.

இன்னொன்று, தட்டில் இருபது பொருள் வைத்து ஒரு நிமிடம் காட்டி மூடிவிடுவது. ஆங்கிலத்தில் 'கிம் விளையாட்டு' என்பார்கள்; கிப்ளிங்கின் 1901 நாவலில் ஒற்றனாகப் பயிற்சி பெறும் சிறுவனின் பெயர் அது. 1908இல் பேடன் பவல் தன் சாரணர் நூலில் சேர்த்துக்கொண்ட பிறகு எங்கும் பரவியது. எழுதச் சொன்னால் பரீட்சை ஆகிவிடும். ஒரே ஒரு பொருளை ரகசியமாக எடுத்துவிட்டு எது போனது என்று கேளுங்கள்.

பலூன் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம். தரையில் விழாமல் எல்லோரும் சேர்ந்து தட்டிக்கொண்டே இருப்பதைவிடச் சின்னவர்களுக்கு வேறு ஆட்டம் தேவையில்லை. ரப்பர் பலூனை முதலில் செய்தவர் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே, 1824இல், ஹைட்ரஜன் சோதனைக்காக. வெடித்த துண்டுகளை மட்டும் உடனே பொறுக்கிவிடுங்கள். எட்டு வயதுக்குக் கீழ் அவை தொண்டையில் அடைக்கும் அபாயம் உண்டென்று பாக்கெட்டுகளிலேயே எச்சரிக்கை போடுகிறார்கள். சாக்கு ஓட்டம், லெமன் அண்ட் ஸ்பூன் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. திறந்தவெளி வேண்டும், எப்போதும் ஒரே பிள்ளைதான் ஜெயிக்கும்.

பிரிட்டனில் அயோனா ஓப்பி, பீட்டர் ஓப்பி என்ற தம்பதி பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டு, அவர்கள் தெருவிலும் மைதானத்திலும் ஆடுவதைத் தொகுத்து 1969இல் வெளியிட்டார்கள். அதில் பார்ட்டி விளையாட்டுகளுக்கு இடமில்லை என்று முன்பே சொல்லிவிடுகிறார்கள், பெரியவர் மேற்பார்வை தேவைப்படும் எதுவும் வேண்டாமாம். முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. பீட்டர் ப்ரூகல் 1560இல் வரைந்த ஓவியம் ஒன்று வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள். கண்கட்டு ஆட்டமும் உண்டு. என்னைப் போல விசிலும் கையுமாக நிற்கிற பெரியவரைத்தான் அதில் காணோம்.

போன மாதம் தங்கை மகனின் பிறந்தநாள். மியூசிக்கல் சேரை நடுவில் விட்டுவிட்டு ஒரு போன் பேச வெளியே போனேன். திரும்பி வந்தால் பாட்டுப் பெட்டி அணைந்து கிடக்கிறது. அவுட் ஆன பிள்ளைகள் சுவரோரம் நின்று கை தட்டித் தாங்களே கத்திப் பாடுகிறார்கள். கூடிப் பேசி, சைகை காட்டி, நினைத்த இடத்தில் சட்டென்று நிறுத்துகிறார்கள். ஒவ்வொருவர் அவுட் ஆக ஆகப் பாட்டின் சத்தம் ஏறுகிறது. நாற்காலியைச் சுற்றுகிறவர்கள்தான் பாவமாக இருந்தார்கள்.

அங்கே நான்கு வயதில் ஒருத்தி இருந்தாள். என் ஏற்பாட்டில் அவள் ஒப்புக்கு, அவுட் கிடையாது. பாட்டு நின்றது. அவள் உட்காரவில்லை. இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்தாள்.

'பெரியம்மா, என்னை எப்பதான் அவுட் ஆக்குவீங்க?'